காலுக்குக் கேட்ட சத்தம்

என் மாமனாருக்குக் காது மந்தம். பக்கத்தில் உட்கார்ந்து கத்தினால் பாதி போய்ச் சேரும். போன ஐப்பசியில் அவரை முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறிக்கொண்டிருந்தேன். பதினைந்தாவது கொண்டை ஊசி வளைவோ பதினாறாவதோ, மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்:

"ஏனுங்க மாப்ள, வண்டி அடியில எதையாச்சும் அரைக்குதுங்களா?"

"உங்களுக்கு எப்படிங்க மாமா கேட்டுது?"

"காதுல எங்க கேக்குது? காலுக்குக் கேக்குதுங்க."

எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அதாவது, புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்த வண்டியை நான் ஓட்ட ஆரம்பித்துப் பல வருடம் ஆகிறது. 2003-ஆம் வருடத்து மாருதி ஜிப்சி கிங். 2012-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எனக்கு மிளகு வியாபாரம். வாரம் ஒரு முறையாவது சோளக்காட்டுச் சந்தைக்கும், அதைத் தாண்டித் தோட்டங்களுக்குள்ளும் போயாக வேண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவும் நல்ல தார்ச்சாலைதான், அதற்கு எந்த வண்டியும் போதும். அதற்கப்புறம் தோட்டத்துக்குள் இறங்கும் செம்மண் தடம்தான், மழைக்காலத்தில், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி எங்கே என்று கேட்கும்.

ஜிப்சி என்றைக்குமே அமைதியான வண்டி கிடையாது. துணிக்கூரை படபடக்கும், பின் கதவு ஆடும், இவற்றுக்கு நடுவே அடியிலிருந்து ஒரு ஊளை வந்துகொண்டே இருக்கும். புதிதாக ஏறுகிறவர்கள் "என்னங்க இது?" என்பார்கள். "அது அப்படித்தானுங்க" என்பேன். பாதி உண்மை. இந்த "அப்படித்தான்" என்ற சொல்லை வைத்தே நான் இரண்டு மூன்று வருடத்தை ஓட்டியிருக்கிறேன்.

அந்த ஊளை ஏன் பிறவிக்குணம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபோர் வீல் வண்டிகளில் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு பெட்டி உண்டு: டிரான்ஸ்ஃபர் கேஸ். கியர்பாக்ஸிலிருந்து வருகிற சுற்றை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுப்பது, மேடேற லோ கியர் கொடுப்பது, இரண்டும் அதன் வேலை. பழைய ஜீப்பில் அது கியர்பாக்ஸின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஜிப்சியில் தனிக்குடித்தனம். சேஸிஸின் நடுவில் மூன்று ரப்பர் மவுண்டுகளைப் பிடித்துத் தொங்கும். கியர்பாக்ஸுக்கும் அதற்கும் நடுவே ஒரு குட்டை ஷாஃப்ட். வெறும் இரண்டு சக்கரத்தில், டூ ஹையில் போகும்போதுகூடச் சுற்று நேராகக் கடந்துபோவதில்லை. உள்ளே கவுண்டர் கியர் என்கிற இடைக் கியர் வழியாகச் சுற்றிக்கொண்டு, என் கிங்கில் 1.409-க்கு ஒன்று என்று குறைந்துதான் வெளியே வரும். ஆக, வண்டி நகர்கிற ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பற்கள் சுமையோடு கடித்துக்கொண்டே இருக்கும். பாடாமல் என்ன செய்யும்?

1985 கடைசியில் சுஸுகியின் எஸ்.ஜே. 410 இங்கே ஜிப்சி என்ற பெயரில் 970 சிசி எஞ்சினோடு வந்தது. 1996-ல் 1298 சிசி எஞ்சினோடு கிங் வந்தது. பொதுமக்களுக்கான விற்பனை 2019-ல் நின்றது. இன்றைக்கு ஓடுகிற எந்த ஜிப்சியும் பழைய ஜிப்சிதான், எந்தப் பெட்டியும் பழைய பெட்டிதான்.

மாமா சொன்னதற்கப்புறம் நானும் செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். ஆமாம், இருந்தது. ஊளைக்கு அடியில், அம்மிக்கல்லில் காய்ந்த மிளகாயை முதல் இழுப்பு இழுக்கிற மாதிரி ஒரு கொரகொரப்பு. அன்றைக்கு மாலை இன்னொன்றும் நடந்தது. தோட்டத்திலிருந்து லோ போட்டு இறங்கிக்கொண்டிருந்தபோது லீவர் டொக்கென்று தானாக நியூட்ரலுக்கு வந்துவிட்டது. டிரான்ஸ்ஃபர் நியூட்ரல் என்றால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உறவே அறுந்துபோகும். கியர்பாக்ஸ் முதல் கியரிலேயே இருந்தாலும் பிரயோஜனமில்லை. வண்டி அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி சரிந்தது. பிரேக் பிடித்தது, நிறுத்திவிட்டேன். மாமா ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி, மீதி வழியை நடந்தே வந்தார்.

அடுத்த நாள் ஆளுக்கொரு தீர்ப்பு. சேந்தமங்கலத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டுப் பின் கிரவுன், அதாவது பின் அச்சின் பெரிய பல்சக்கரம், போய்விட்டது என்றார். இன்னொருவர், லீவர் கழலுகிறது என்ற சொல்லைக் கேட்ட உடனேயே, "டிரான்ஸ்ஃபர் செத்துப்போச்சுங்க, பழைய செட்டு ஒண்ணு இருக்குது, மாட்டிரலாமுங்க" என்றார். நண்பர் ஒருவர் டயர் சத்தம் என்று அடித்துச் சொன்னார். மூன்று பேரும் அனுபவஸ்தர்கள். மூன்று பேர் சொன்னதும் நடக்கக்கூடியதுதான். அங்கேதான் தொல்லை. இரும்புச் சேஸிஸில் சத்தம் பிறக்கிற இடம் ஒன்று, கேட்கிற இடம் ஒன்று. முன்னால் பிறந்தது பின் சீட்டுக்கு அடியில் கேட்கும்.

லாரி ஊரில் இருப்பதில் ஒரு நன்மை உண்டு. நாமக்கல்லில் எந்தச் சந்துக்குள் போனாலும் ஒரு பட்டறை, அதில் நாற்பது வருடம் கியர்பாக்ஸ் பிரித்த ஒரு மேஸ்திரி இருப்பார். அப்படி ஒருவரிடம் போய் நின்றேன். அவர் வண்டியைத் தொடவே இல்லை. "பெட்டியப் பிரிச்சா எல்லாந் தேஞ்ச மாதிரிதானுங்க தெரியும். பிரிக்கறதுக்கு முன்னாடியே எது தேஞ்சுதுன்னு தெரிஞ்சிருக்கோணும். ஒரு வாரம் ஓட்டிப் பாத்து எழுதிக்கிட்டு வாங்க" என்று ஒரு சின்னப் பரீட்சைத்தாளே கொடுத்து அனுப்பினார். கூலி கேட்காமல் வேலை சொல்கிற மெக்கானிக்கை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

காரவள்ளிக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவே சமதளமான சாலை இருக்கிறது. விடியற்காலையில் அங்கேதான் பரீட்சை. மாமா முன் சீட்டில் வெறுங்காலோடு. பின் சீட்டில் என் மனைவி, மடியில் நோட்டோடு. அவள் பள்ளிக்கூட நாளில் ஆறேழு வருடம் பாட்டுக் கற்றவள். காது ஒருவருடையது, கால் ஒருவருடையது, ஸ்டியரிங் மட்டும் என்னுடையது.

முதல் கேள்வி: சத்தம் எஞ்சின் வேகத்தைப் பின்தொடர்கிறதா, வண்டி வேகத்தையா? நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது கியர், நாலாவது, ஐந்தாவது என்று மாற்றி மாற்றி ஓட்டினேன். எஞ்சின் சத்தம்தான் ஏறி இறங்கியதே தவிர, ஊளை இருந்த இடத்திலேயே இருந்தது. கியர்பாக்ஸுக்குள் இருக்கிற பற்கள் என்றால் கியர் மாற்றும்போது சுருதியும் மாறியிருக்க வேண்டும். ஆகவே கியர்பாக்ஸின் வால் பகுதி பேரிங் ஒன்றைத் தவிர மற்றது நிரபராதி. டயரைச் சோதிக்க வழுவழுப்பான புதுத் தாரிலும் பெயர்ந்த பழைய தாரிலும் ஓட்டினோம். சாலை மாறியும் ஊளை மாறவில்லை. நண்பர் தோற்றார்.

இரண்டாவது: மிதித்தால் எப்படி, விட்டால் எப்படி? ஆக்ஸிலேட்டரை மிதித்தபோது ஊளை தடித்தது. காலை எடுத்ததும் மெலிந்தது, கொரகொரப்பு மட்டும் மாமாவின் பாதத்தில் அப்படியே இருந்தது. பல்லுக்குச் சுமை ஏறினால் குரல் மாறும். பேரிங் பெரும்பாலும் சுமையைச் சட்டை செய்யாமல் சுற்றுகிறவரை முனகிக்கொண்டே இருக்கும். ஆக இரண்டு சத்தம், ஒன்றல்ல. ஆனால் கிரவுன் பல்லும் மிதித்தால் ஒருவிதம், விட்டால் ஒருவிதம் பேசும். எனவே பின் அச்சு இன்னும் குற்றவாளிக் கூண்டில்தான் நின்றது.

அதை இறக்கிவிட்டது மூன்றாவது சோதனை, அதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். தார்ச்சாலையை விட்டு ஒரு மண் தடத்துக்குள் இறங்கினோம். லோ போட்டால் முன் அச்சும் சேர்ந்துகொள்ளும், அதைத் தாரில் செய்யக்கூடாது. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன், அதில் என் பாவம் ஒன்று இருக்கிறது. நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் ஹையில் சரியாக இருபது கிலோமீட்டர் வேகத்தில் போனேன். நிறுத்தி, லோ போட்டு, லீவர் கழலாமல் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் அதே இருபது. சக்கரம், பெட்டியிலிருந்து அச்சுக்குப் போகிற புரொப்பல்லர் ஷாஃப்ட், கிரவுன் எல்லாம் முன்பு சுற்றிய அதே வேகத்தில்தான் சுற்றும். வேகம் கூடுவது டிரான்ஸ்ஃபர் பெட்டியின் உள்வரும் பக்கமும் அதற்கு முன்னால் உள்ளதும் மட்டும்தான். ஆக, சுருதி அப்படியே இருந்தால் குற்றம் பின்னால், ஏறினால் குற்றம் முன்னால்.

சுருதி ஏறியது எனக்கே தெரிந்தது. பின்னாலிருந்து மனைவி வாயை மூடிக்கொண்டு முனகிப் பார்த்தாள். "முன்ன சட்ஜம்னு வெச்சுக்கிட்டா இப்ப தைவதங்க. சுத்த தைவதம்" என்றாள். எனக்கு அது ஒரு தகவலாகவே படவில்லை, எழுதி வைத்தாள், அவ்வளவுதான். ராத்திரி வீட்டில் கணக்குப் போட்டேன். இந்தப் பெட்டியில் லோ விகிதம் 2.268, ஹை விகிதம் 1.409. வகுத்தால் 1.61. சட்ஜத்துக்கும் சுத்த தைவதத்துக்கும் உள்ள விகிதம் என்ன என்று அவளைக் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை, தேடிப் பார்த்தோம். ஐந்துக்கு எட்டு. 1.6. அந்த இரண்டு எண்களையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியைத் திறக்காமலேயே அதன் உள்வரும் பல்லும் கவுண்டர் கியரும் கடிக்கிற இடத்தை ஒரு பாட்டுக்காரி தொட்டுக் காட்டிவிட்டாள்.

பின் கிரவுனை மாற்றச் சொன்னவர் பேச்சைக் கேட்டிருந்தால், கிரவுனையும் மாற்றிவிட்டு அதே ஊளையோடு வீட்டுக்கு வந்திருப்பேன்.

அதற்கப்புறம் செய்ததெல்லாம் உறுதிப்படுத்துகிற வேலை. சக்கரங்களுக்கு முட்டுக்கல் வைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, டிரான்ஸ்ஃபரை நியூட்ரலில் போட்டு, கியர்பாக்ஸை மூன்றாவது கியரில் போட்டுக் கிளட்சை விட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்; குட்டை ஷாஃப்டும் டிரான்ஸ்ஃபரின் உள்வரும் பக்கமும் மட்டும் சுற்றும். மேஸ்திரி அடியில் படுத்து, ஒரு முழ நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பெட்டியில் ஊன்றிப் பிடியைக் காதெலும்பில் வைத்தார். கியர்பாக்ஸ் வாலில் ஒன்றுமில்லை. கவுண்டர் ஷாஃப்ட் முனையில் வைத்ததும் தலையை ஆட்டினார். என்னையும் கேட்கச் சொன்னார். வேர்க்கடலையை மெல்லுகிற சத்தம். (வேட்டி, துண்டு, கழுத்தில் தொங்குகிற எதுவும் உடம்பில் இருக்கும்போது சுற்றுகிற ஷாஃப்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். மேஸ்திரி முதலில் என் வேட்டியைத்தான் பார்த்தார். பேன்ட் போட்டுக்கொண்டு வரச்சொல்லித் திருப்பி அனுப்பினார்.)

முன் புரொப்பல்லர் ஷாஃப்டை ஒரு நாள் கழற்றிவைத்து ஓட்டினோம். முன் சக்கரத்தை ஷாஃப்டிலிருந்து பிரித்துவிடுகிற ஃப்ரீ வீல் ஹப் என் வண்டியில் இல்லை. டூ ஹையில் போனாலும் முன் சக்கரம் முன் ஷாஃப்டைத் திருப்பிக்கொண்டேதான் இருக்கும். அதனால் அதன் மூட்டில் இருக்கிற கிராஸும் சந்தேகப் பட்டியலில் இருந்தது. கழற்றியும் சத்தம் இம்மி குறையவில்லை. கழற்றுகிறவர்கள் இரண்டு முனையிலும் ஃபிளாஞ்ச் என்கிற இணைப்புத் தட்டும் ஷாஃப்டும் சேருகிற இடத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது. மாற்றி மாட்டினால் புது அதிர்வு ஒன்று சேரும், அப்புறம் அதைத் தேடிக்கொண்டு இன்னொரு வாரம்.

பிறகு கையால் ஆட்டிப் பார்க்கிற வேலை. ஒவ்வொரு ஃபிளாஞ்சையும் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் பேரிங் ஆட்டம் தெரியும். முன்னும் பின்னும் இழுத்தால் ஷாஃப்டின் நீள ஆட்டம். திருகினால் பல்லிடுக்கு ஆட்டம். மூன்றும் வேறு வேறு நோய். திருகும்போது கொஞ்சம் ஆடுவதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, பழைய வண்டியில் அது இருக்கும். மேலும் கீழும் கைக்குத் தட்டுப்படுகிற மாதிரி ஆடினால்தான் கவலை. நீள ஆட்டத்துக்குக் கை போதாது, லேத்காரர்களிடம் இருக்கிற டயல் கேஜ் வேண்டும். பழைய வில்லிஸ் ஜீப்பின் ஸ்பைசர் 18 பெட்டியில் பின் ஷாஃப்டுக்கு அனுமதி அங்குலத்தில் ஆயிரத்தில் 4 முதல் 8 பங்குதான், ஒன்றிரண்டு தாள் கனம். அதை எந்தக் கையும் சரியாகச் சொல்லாது.

ஆட்டிப் பார்த்தபோதுதான் லீவர் கழலுகிற மர்மம் உடைந்தது. பெட்டிக்குள் ஒன்றுமில்லை! மூன்று ரப்பர் மவுண்டில் வலப்பக்கத்தது இரண்டாகக் கிழிந்து, எண்ணெயில் ஊறி அல்வா மாதிரி இருந்தது. மேஸ்திரியின் மகன் லோ போட்டுக் கிளட்சைப் பாதி விட்டுப் பாதி பிடித்துக் காட்டினான். பெட்டி மொத்தமும் பக்கவாட்டில் எழுந்து புரண்டது. ஜிப்சியில் லீவர் பெட்டியிலிருந்தே நேராகத் தரைத் துளை வழியாக மேலே வருகிறது. பெட்டி புரண்டால் லீவர் துளையின் விளிம்பில் இடிக்கும், இடித்தால் கியர் கழலும். உள்ளே கியரைப் பிடித்து வைக்கிற ஸ்பிரிங்கும் குண்டும் கொஞ்சம் களைத்திருந்தன, அது உபரி. "லீவர் கழலுதா, கியர் போச்சு" என்று பெட்டியையே மாற்றியிருந்தால், புதுப் பெட்டியும் அதே கிழிந்த காலில்தான் நின்றிருக்கும்.

மாமாவின் கால் விஷயமும் இதனால்தான். ரப்பர் இருந்தவரை பெட்டியின் முனகல் பெட்டியோடு நின்றது. கிழிந்து இரும்பும் இரும்பும் ஒட்டியதும் சேஸிஸ் வழியாகத் தரைக்கு வந்துவிட்டது.

கடைசிச் சாட்சி எண்ணெய். கொஞ்சம் ஓட்டிச் சூடு ஏற்றிய பிறகுதான் இறக்க வேண்டும், ஆறிப்போனால் துகளெல்லாம் அடியில் படிந்து உள்ளேயே தங்கிவிடும். இந்தப் பெட்டி சுமார் 0.8 லிட்டர் பிடிக்கும். என்னுடையதிலிருந்து வந்தது ஒரு டீ டம்ளர் இரண்டரை. மேஸ்திரி என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் மோட்டுவளையைப் பார்த்தேன்.

எண்ணெயை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தோம். பால் கலந்த காப்பி நிறம் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம், அது இல்லை. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் துணியில் சுற்றித் துழாவினார். சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியது. அது எந்தப் பழைய பெட்டியிலும் வரும், கண்ணுக்கு மை மாதிரி நைசாக இருந்தால் பயமில்லை. அதோடு மீன் செதில் மாதிரி பளபளத்த நாலைந்து தகடுகள் வந்தன. உலோகத்தின் மேல்தோல் உரிந்து வருவது அப்படித்தான் இருக்கும். கடைசியாகத் துணியின் மடிப்பிலிருந்து அரிசிக் குருணை நீளத்துக்கு ஒரு உருண்டைக் கம்பித் துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நீடில் பேரிங்கின் ஊசி, உடைந்த பாதி. "இப்பப் பிரிக்கலாமுங்க" என்றார்.

பெட்டியைப் பிரித்தபோது அவர் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேராகப் போனார். கவுண்டர் கியர் ஒரு தடித்த பின்னின், அதாவது உருளைத் தண்டின் மேல், ஊசிகளுக்கு நடுவே சுற்றுகிறது. அந்தப் பின் சுற்றாது. சுற்றாத பின்னுக்குச் சுமை எப்போதும் ஒரே பக்கத்திலிருந்துதான் வரும். கையில் வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் கண்ணாடி, என் மூக்கு தெரிந்தது. அரைச்சுற்றுத் திருப்பினால் அம்மைத் தழும்பு. ஊசிகள் பதிந்த வரிகள் நெருக்கமாக, வாழைத்தண்டு நார் மாதிரி. நகத்தால் இழுத்தால் ஒவ்வொரு வரியிலும் சிக்கிச் சிக்கி வந்தது. அந்தப் பின் தேய்ந்ததால் கவுண்டர் கியர் சாய்ந்திருக்கிறது. சாய்ந்ததால் பல் பல்லை ஓரத்தில் கடித்திருக்கிறது. ஓரத்தில் கடித்ததால் ஊளை தடித்திருக்கிறது.

இது ஜிப்சியின் தனிப்பட்ட சாபம் என்று நினைத்துவிடாதீர்கள். வில்லிஸ் ஜீப் காலத்து ஸ்பைசர் 18 பெட்டியிலும் இதே அமைப்புதான்: நடுவில் சுற்றாத ஒரு ஷாஃப்ட், அதன் மேல் ஊசிகள், அதன் மேல் இடைக் கியர். அந்த ஷாஃப்டின் கனம் முதலில் முக்கால் அங்குலம் இருந்தது, பிறகு ஒன்றே அரைக்கால் ஆனது, அப்புறம் ஒன்றேகால் ஆனது. எங்கே வலிக்கிறது என்று தெரிந்துதானே மருந்தைக் கூட்டியிருப்பார்கள்? செயின் வைத்த பெட்டிகளின் கதை வேறு. அங்கே ஊளை வராது. செயின் நீண்டுபோய், மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது தரைக்கடியில் யாரோ சம்மட்டியால் அடிக்கிற மாதிரி படாரென்று பல் தாண்டும். அந்த நோயை நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை, பார்க்கிற ஆசையும் இல்லை.

சரி, எண்ணெய் எங்கே போனது? சீலில் ஒழுகியது எனக்குத் தெரியும். இரண்டு தடவை சீல் மாற்றியும் இருக்கிறேன். மாற்றிய மூன்றாம் மாதம் திரும்ப ஒழுகும். பழைய வண்டி, ஒழுகத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். பெட்டிக்கு ஒரு மூச்சுக்குழாய் உண்டு. ஓடிச் சூடானால் உள்ளே காற்று விரியும், அது வெளியேற வழி வேண்டும். மேஸ்திரியின் மகன் அந்தக் குழாயை ஊதிப் பார்த்தான், போகவில்லை. கம்பி விட்டுக் குடைந்தான். உள்ளிருந்து மண் கட்டி கட்டியாக வந்தது, கூடவே காய்ந்துபோன புழுக்கூடு. குளவி கூடு கட்டியிருக்கிறது! மூக்கை அடைத்துவிட்டால் காற்று எங்கே போகும், சீலைத் தள்ளிக்கொண்டு எண்ணெயோடு வெளியே வந்திருக்கிறது. எண்ணெய் வற்றியதும் முதலில் காய்வது உயரத்தில் இருப்பவை. உள்வரும் பக்கம் மேலேதான் இருக்கிறது.

அளவு பார்க்கிற பிளக்கை ஒரு தடவை திறந்திருந்தாலே தெரிந்திருக்கும். அது சேறு அப்பிப்போய் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் இருந்தது.

குளவி மேல் மட்டும் பழியைப் போட முடியாது. முன்பு சொன்ன பாவம் இதுதான். போன வருடம் பின்னால் மட்டும் இரண்டு புது டயர் போட்டேன், முன்னால் தேய்ந்த பழையது. மழை பெய்தால் வழுக்கும் என்று பயந்து, எழுபது வளைவும் ஃபோர் ஹை போட்டுக்கொண்டே இறங்குவேன். ஜிப்சியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது; ஃபோர் ஹை போட்டால் இரண்டு ஷாஃப்டும் ஒரே கட்டு, ஒரே சுற்று. 205/70 ஆர் 15 டயரின் விட்டம் ஏறக்குறைய 668 மில்லிமீட்டர். தேய்ந்தது பத்து மில்லிமீட்டர் குறைவு என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு முன் சக்கரம் ஏழு சுற்று அதிகமாகச் சுற்ற வேண்டும். அதற்கு அனுமதி இல்லை. மண்ணாக இருந்தால் ஏதாவது ஒரு சக்கரம் வழுக்கிக் கணக்கை நேர் செய்துகொள்ளும். தார் விடாது. வளைவில் முன் சக்கரம் போகிற வட்டமே பெரிது, அது வேறு. இந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் பல்லிலும் அந்தப் பின்னிலும் போய் ஏறும். அடிவாரத்தில் லீவரைத் திருப்பி எடுக்க வராமல் மல்லுக்கட்டி, வண்டியை நாலடி ரிவர்ஸ் எடுத்ததும் டொக்கென்று விடுபட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது முறுக்கு அவிழ்ந்த சத்தம். லீவர் இறுக்கம், கிரீஸ் வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாற்றியவை இவை: அந்தத் தடித்த பின், ஊசிகள், த்ரஸ்ட் வாஷர், எல்லா பேரிங், எல்லா சீல், மவுண்ட் மூன்றும், புது ஸ்பிரிங்கும் குண்டும். கவுண்டர் கியரின் பல்லை மேஸ்திரி வெகுநேரம் பார்த்தார். ஓரத்தில் புள்ளிக் குழி நாலைந்து இருந்தன. குழி ஒன்றோடொன்று சேர்ந்து பள்ளமாகியிருந்தால் மாற்ற வேண்டும், தனித்தனியாக இருக்கிறவரை ஓடும் என்று அதையே போட்டார். நான் மாற்றிவிடலாம் என்றேன். சேர்ந்து தேய்ந்த ஜோடியில் ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் அது புதிதாக ஒரு பாட்டுப் பாடும் என்றார். வாதாடவில்லை. நிரப்பும்போது 80-90 ஆயிலை அளவு பிளக் துளை வழியாக வழிகிறவரை ஊற்றி, அந்த பிளக்கின் தலையில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டான் பையன். அது எனக்காகத்தான், நான் கேட்டுக்கொள்ளவில்லை.

தை மாதம் மாமாவை ஏற்றிக்கொண்டு மறுபடியும் மலைக்குப் போனேன். ஊளை இருந்தது, ஆனால் பழைய ஊளை, பிறவிக் குரல். கொரகொரப்பு சுத்தமாக இல்லை. இருபதாவது வளைவு தாண்டியும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. செருப்பு காலிலேயே இருந்தது. முப்பது வாக்கில் ஓரக்கண்ணால் பார்த்தேன், குனிந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். பாதத்தைத் தரையில் வைத்தார். எடுத்தார். கொஞ்சம் பின்னால் நகர்த்தி, சீட்டுக்கு அடியில் வைத்தார்.

"இப்பப் பின்னாலிருந்து வருதுங்க மாப்ள. சன்னமா."

நான் இரண்டு வளைவு வரைக்கும் பதில் சொல்லவில்லை. அப்புறம் நானும் செருப்பைக் கழற்றினேன்.